ஸ்பிரிங் படியேறிய நீதிமன்றங்கள்

1986 ஜூனில் இஸ்ரேலில் ஒரு சின்ன மின்கருவி கடைக்கு வந்தது. கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் கூடு, உள்ளே ஒரு மோட்டார், தலைப்பக்கம் வில்லாக வளைத்துப் பூட்டிய ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான். பெயர் எபிலேடி. கால் முடியை வேரோடு பிடுங்கும் கருவி. ரேஸர் மேலோடு வெட்டும், இரண்டு நாளில் மறுபடி முளைக்கும். இது பிடுங்கிவிடுவதால் வாரக்கணக்கில் கவலையில்லை. ஆனால் வலிக்கும். வலிக்கும் என்று தெரிந்தே வாங்கினார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் 58 லட்சம் கருவிகளுக்கு மேல் விற்றன, கடை விலையில் 34 கோடி டாலருக்கு மேல் வியாபாரம் நடந்தது என்று பின்னாளில் லண்டன் தீர்ப்பு ஒன்று குறித்து வைத்திருக்கிறது. முடி பிடுங்கும் ஸ்பிரிங்குக்கு நீதிமன்றத்தில் என்ன வேலை என்பதுதான் இந்தக் கதை.

பிறந்த இடம் லெபனான் எல்லையை ஒட்டிய ஹகோஷ்ரிம் என்னும் கிப்புட்ஸ், அதாவது சொத்தும் உழைப்பும் பொதுவில் இருக்கும் கூட்டுக் குடியிருப்பு. அங்கே இருந்த மெப்ரோ ஆலையில் கருவி உருவானது. காப்புரிமைப் பத்திரத்தில் கண்டுபிடிப்பாளர்களாக இருக்கும் பெயர்கள் யாயிர் டார், ஷிமோன் யஹாவ்.

யோசனை எளிமையானது, எளிமையாக இருப்பதால் அழகானது. பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்கை எடுத்து விரல்களுக்கிடையே வில்லாக வளைத்துப் பாருங்கள். வளைவின் வெளிப்பக்கம் சுற்றுகள் விலகி இடைவெளி விழும். உள்பக்கம் சுற்றுகள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிக்கொள்ளும். இப்போது வளைந்த நிலையிலேயே அதை அச்சில் வேகமாகச் சுழற்றினால், வெளிப்பக்கம் திறந்திருந்த ஒவ்வொரு இடைவெளியும் அரைச் சுற்றில் உள்பக்கம் வந்து மூடிக்கொள்ளும், மறு அரைச் சுற்றில் திறக்கும். தோலின் மேல் வைத்தால் திறந்த வாய்க்குள் முடி நுழைகிறது, சுழலும்போது வாய் மூடுகிறது, முடி வேரோடு வந்துவிடுகிறது. ஒரு விநாடிக்குள் இது எத்தனையோ முறை நடக்கிறது. தனித்தனியாக நூறு சாமணம் வைத்துச் செய்யவேண்டிய வேலையை ஒரே ஒரு கம்பிச் சுருள் செய்துவிடுகிறது.

இதற்கு ஐரோப்பியக் காப்புரிமை வாங்கினார்கள். எண் 0101656. காப்புரிமைப் பத்திரத்தில் கண்டுபிடிப்பை விளக்கும் பகுதி இருக்கும், படங்கள் இருக்கும், கடைசியில் உரிமைக்கோரல்கள் இருக்கும். சட்டத்துக்கு முக்கியம் அந்தக் கடைசிப் பகுதி. நிலப் பத்திரத்தில் சக்குபந்தி எழுதுவார்களே, வடக்கே இன்னார் புஞ்சை, தெற்கே வாய்க்கால் என்று, அதே வேலையை இங்கே உரிமைக்கோரல் செய்கிறது. எது எனக்குச் சொந்தம், எந்தக் கோட்டுக்கு அப்பால் பிறர் தாராளமாக நடக்கலாம் என்று அதுதான் சொல்லும். எபிலேடியின் முதல் உரிமைக்கோரல் ஒரே நீளமான வாக்கியம். கையில் பிடிக்கும் கூடு, அதற்குள் மோட்டார், மோட்டார் சுழற்றும் ஒரு சுருள் ஸ்பிரிங், அதன் வளைந்த பகுதியில் வெளிப்பக்கம் சுற்றுகள் விலகியும் உள்பக்கம் நெருங்கியும் இருப்பது, சுழற்சியால் முடி பிடிபட்டுப் பிடுங்கப்படுவது என்று எல்லாவற்றையும் அடுக்கிச் சொன்னது. எழுதியவர் கவனமாகத்தான் எழுதியிருக்கிறார். கண்ணெதிரே இருந்த பொருளை அப்படியே சொல்லில் வடித்தார். அது ஸ்பிரிங்தான், அதனால் ஸ்பிரிங் என்று எழுதினார்.

நன்றாக விற்கும் பொருளுக்குப் போட்டி வராமல் இருக்குமா? மின் ஷேவருக்குப் பேர்போன ரெமிங்டன் களத்தில் இறங்கியது. அதன் அப்போதைய முதலாளி விக்டர் கையம், ஷேவர் பிடித்துப்போனதால் கம்பெனியையே வாங்கிவிட்டதாகத் தொலைக்காட்சி விளம்பரத்தில் தானே தோன்றிச் சொன்ன மனிதர். ரெமிங்டன் கொண்டுவந்த கருவியின் பெயர் ஸ்மூத் அண்ட் சில்க்கி. கூடு உண்டு, மோட்டார் உண்டு, தலைப்பக்கம் வில் வளைவும் உண்டு. ஆனால் வளைந்திருந்தது கம்பிச் சுருள் இல்லை, செயற்கை ரப்பரில் செய்த ஒரு தண்டு. அந்தத் தண்டில் வரிசையாகக் குறுக்கு வெட்டுகள் போட்டிருந்தார்கள். தண்டு வளையும்போது வெளிப்பக்கத்து வெட்டுகள் வாய் திறக்கும், உள்பக்கத்து வெட்டுகள் மூடிக்கொள்ளும். சுழன்றால் முடி சிக்கும், பிடுங்கப்படும். வேலை அச்சு அசல் அதேதான்.

வேலை அதே, பொருள் வேறு. பத்திரத்தில் எழுதியிருப்பதோ பொருளின் பெயர். வழக்கு இந்த இடுக்கில்தான் பிறந்தது.

லண்டனில் நடந்ததைப் புரிந்துகொள்ள ஒரு லிண்டலைப் பார்த்துவிட்டு வரவேண்டும். கதவு, ஜன்னல் திறப்புக்கு மேலே சுவரின் பாரத்தைத் தாங்கும் அதே லிண்டல்தான். கேட்னிக் என்ற நிறுவனம் மெல்லிய எஃகுத் தகட்டை மடித்து லேசான லிண்டல் செய்தது. அதன் பின்பலகை செங்குத்தாக நிற்கும் என்று உரிமைக்கோரலில் எழுதியிருந்தது. ஹில் அண்ட் ஸ்மித் என்ற போட்டி நிறுவனம் அதே லிண்டலைச் செய்தது, பின்பலகையை மட்டும் கொஞ்சம் சாய்த்துவிட்டது. ஒரு அளவில் 6 டிகிரி சாய்வு, இன்னொரு அளவில் 8 டிகிரி. அந்தச் சாய்வால் பாரம் தாங்கும் திறனில் குறைந்தது முறையே 0.6 சதவீதமும் 1.2 சதவீதமும். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் செங்குத்து இல்லைதான். மேல்முறையீட்டு மன்றத்தில் கேட்னிக் தோற்றது.

அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபைக்குப் போனதும் அதன் நீதிபதி டிப்லாக் பிரபு அதைத் திருப்பிப்போட்டார். தீர்ப்பு 1980இல் வந்தது, சட்ட அறிக்கைகளில் 1982ஆம் ஆண்டுத் தொகுதியில் அச்சானது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: காப்புரிமைப் பத்திரத்தை வக்கீல் படிப்பதுபோல் சொல் சொல்லாகக் கிழித்துப் படிக்கக் கூடாது. அது யாருக்காக எழுதப்பட்டதோ அந்தத் தொழில் தெரிந்தவர் கண்ணால் படிக்கவேண்டும். செங்குத்து என்ற சொல்லை இம்மி பிசகாமல் கடைப்பிடிக்கவேண்டும், அதைவிட்டு ஒரு டிகிரி நகர்ந்தாலும் எனக்கு உரிமை வேண்டாம் என்று எழுதியவர் நினைத்திருப்பார் என அந்தத் தொழில்காரர் எண்ணுவாரா? எந்தக் கட்டடக்காரரும் அப்படி எண்ணமாட்டார். சாய்ந்த லிண்டல் மீறலே. நோக்கம் அறிந்து பொருள்கொள்ளும் இந்த வழி அன்றிலிருந்து இங்கிலாந்தில் சட்டமானது.

ஆனால் சாய்ந்த பலகையும் பலகைதான். ரப்பர் தண்டு ஸ்பிரிங் ஆகுமா?

1989இல் எபிலேடி வழக்கு லண்டனில் நீதிபதி லியனார்ட் ஹாஃப்மன் முன் வந்தது. தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். பிற்பாடு பிரபுக்கள் சபையின் நீதிபதியாகவே உயர்ந்தவர். டிப்லாக் சொன்னதை அவர் மூன்று கேள்விகளாகப் பிரித்துக்கொண்டார். ஒன்று, மாற்றிச் செய்த அம்சம் கண்டுபிடிப்பு வேலை செய்யும் விதத்தைக் குறிப்பிடும்படி மாற்றுகிறதா? மாற்றினால் வழக்கு அத்தோடு தீர்ந்தது, மீறல் இல்லை. இரண்டு, அது எதையும் மாற்றவில்லை என்பது பத்திரம் வெளியான நாளில் அத்துறை அறிந்தவருக்குப் பட்டென்று விளங்கியிருக்குமா? விளங்காது என்றால் மீறல் இல்லை. மூன்று, இவ்வளவுக்குப் பிறகும், உரிமைக்கோரலின் சொல்லை அப்படியே கடைப்பிடிப்பது கட்டாயம் என்றே எழுதியவர் கருதியிருக்கிறார் என அந்த வாசகருக்குத் தோன்றுமா? தோன்றும் என்றால் மீறல் இல்லை.

முதல் கேள்வியில் ரெமிங்டன் தோற்றது. திறந்து மூடும் வாய்கள் முடியைப் பிடுங்குகின்றன, ரப்பரானால் என்ன கம்பியானால் என்ன? இரண்டாவதிலும் தோற்றது. வெட்டு போட்ட ரப்பர் தண்டைக் காட்டியிருந்தால் துறை அறிந்த எவரும் இதுவும் இப்படித்தான் வேலை செய்யும் என்று சொல்லியிருப்பார். முக்கால் வழக்கு எபிலேடி பக்கம் சாய்ந்தாகிவிட்டது.

மூன்றாவது கேள்விக்கு ஹாஃப்மன் எழுதிய பதிலுக்காகவே அந்தத் தீர்ப்பை இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். ஒரு சொல் நேர்ப்பொருளில் வரலாம், அல்லது தான் சேர்ந்த ஓர் இனம் முழுவதையும் சுட்டும்படியும் வரலாம், அந்த இனத்தில் மிகத் தெளிவான, மிகத் தெரிந்த உதாரணமாக அந்தச் சொல் நிற்கலாம் என்றார். நம் பள்ளி இலக்கண வகுப்பில் படித்த ஆகுபெயர்தான் இது. 'ஊர் சிரித்தது' என்றால் சிரித்தது ஊரா, ஊராரா? அப்படியானால் உரிமைக்கோரலில் உள்ள ஸ்பிரிங் வெறும் ஸ்பிரிங்கா, வளைந்தால் ஒருபக்கம் திறந்து மறுபக்கம் மூடும் எல்லாப் பொருளுக்கும் ஆகிவந்த பெயரா? காப்புரிமை வழக்கில் ஒரு நீதிபதி இலக்கணத்துக்குப் போனது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கேள்வி அங்கேதான் இருந்தது.

ஆகுபெயர் இல்லை என்று அவர் முடிவு செய்தார். ரப்பர் தண்டு ஏறக்குறைய ஸ்பிரிங் என்று சொல்லும்படியான பொருள் இல்லை. வேறு பொருள். சில சூழலில் ஒரே மாதிரி வேலை செய்கிறது, அவ்வளவுதான். மேலும் பத்திரத்தைப் படிக்கும் தொழில்நுட்பர் எழுதியவருக்கு ஸ்பிரிங்கோடு நிற்க நல்ல காரணம் இருந்திருக்கும் என்று நினைப்பார். ரப்பரை வளைத்து வேகமாகச் சுழற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் அது நீண்டு சுருங்குகிறது. கொடுத்த ஆற்றலை முழுக்கத் திருப்பித் தராமல் ஒரு பங்கை வெப்பமாக விழுங்குகிறது. அந்தச் சிக்கலைத் தீர்ப்பது எளிதல்ல. பத்திரத்திலேயே சொல்லியிருந்த வளைய வடிவ அமைப்பில் ரப்பர் தண்டு உதவவும் உதவாது. ஆகவே மீறல் இல்லை. எபிலேடி தோற்றது.

ஹாஃப்மன் இதை எழுதும்போது அவர் மேஜையில் ஒரு ஜெர்மன் தீர்ப்பு இருந்தது. ஐரோப்பியக் காப்புரிமை விநோதமான ஏற்பாடு. 1973இல் மியூனிக்கில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி ஒரே அலுவலகம் ஆராய்ந்து காப்புரிமை தரும். தந்த பிறகு அது நாட்டுக்கு ஒன்றாகப் பிரிந்துவிடும். வழக்கு போடுவதென்றால் அந்தந்த நாட்டு நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும். எபிலேடிக்காரர்கள் அலைந்தார்கள். டியூசல்டார்ஃப் மாவட்ட நீதிமன்றம் 1988 டிசம்பர் 30 அன்று, லண்டனுக்கு முன்பே, ரெமிங்டன் செய்தது மீறல் என்று தீர்ப்பளித்துவிட்டது. ஸ்பிரிங்குக்கு இந்தக் கண்டுபிடிப்பில் என்ன வேலை என்று ஜெர்மன் நீதிபதிகள் கேட்டார்கள். துள்ளுவதா, அழுத்தம் தாங்குவதா? இல்லை. ஸ்பிரிங்காக அது இங்கே வரவேயில்லை. முடியைப் பிடிக்கும் இடைவெளிகள் உள்ள, வளையக்கூடிய ஓர் உருளையாகத்தான் வந்திருக்கிறது. துறை அறிந்தவருக்கு இது விளங்கும், விளங்கிய கையோடு வெட்டு போட்ட ரப்பரும் அவர் நினைவுக்கு வரும். மீறலே. 1991இல் டியூசல்டார்ஃப் மேல்முறையீட்டு மன்றமும் அதே முடிவுக்கு வந்தது. நெதர்லாந்திலும் இத்தாலியிலும்கூட எபிலேடிதான் ஜெயித்தது.

ஒரே பத்திரம், ஒரே வாக்கியம், ஒரே சட்டப்பிரிவு. வடகடலுக்கு இந்தக் கரையில் ஒரு பொருள், அந்தக் கரையில் வேறு பொருள். இப்படி ஆகக்கூடாது என்பதற்காகவே உடன்படிக்கையின் 69ஆம் பிரிவுக்கு ஒரு விளக்க உடன்பாட்டை இணைத்திருந்தார்கள். உரிமைக்கோரலை எழுத்துக்கு எழுத்தாகவும் படிக்காதே, வெறும் வழிகாட்டிப் பலகையாக எண்ணித் தாண்டியும் போகாதே, காப்புரிமையாளருக்கு நியாயமான பாதுகாப்பு, பிறருக்கு நியாயமான நிச்சயம் இரண்டும் கிடைக்கும்படி நடுவில் நில் என்றது அது. நடு எது என்பதைச் சொல்லவில்லை. டியூசல்டார்ஃப் வழிகாட்டிப் பலகை பக்கம் சாய்ந்துவிட்டதாக ஹாஃப்மன் மரியாதையோடு குறை சொன்னார்.

எனக்கு ஹாஃப்மனின் கவலை புரிகிறது. ரெமிங்டன் பொறியாளர் பத்திரத்தை எடுத்துப் படிக்கிறார். ஸ்பிரிங் என்று இருக்கிறது. சரி, ஸ்பிரிங் இல்லாமல் செய்வோம் என்று யோசித்து, உழைத்து ரப்பர் தண்டுக்கு வருகிறார். பத்திரத்தின் சொல்லை நம்பி நடந்தவரைத் தண்டிப்பது நியாயமா? வாதம் வலுவானது. ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. பத்திரம் எழுதியவர் ரப்பரைப் பற்றி யோசித்து, வேண்டாம் என்று ஒதுக்கி, ஸ்பிரிங் என்று எழுதவில்லை. ரப்பர் அவர் நினைவுக்கே வந்திருக்காது. நினைக்காததை விலக்கியதாக எடுத்துக்கொள்வது எழுதியவரின் கற்பனைப் பஞ்சத்துக்கு அபராதம் போடுவதுபோல் ஆகிறது. டியூசல்டார்ஃப் நீதிபதிகள் இந்த இடத்தில் கண்டுபிடிப்பின் உயிர்நாடியைச் சரியாகப் பிடித்தார்கள் என்பதே என் எண்ணம்.

கருவியின் கதை ஒரு பக்கம் மங்கியது. இன்று கடையில் கிடைக்கும் எபிலேட்டர்களில் பெரும்பாலும் சுழலும் தட்டுகளும் நுண்ணிய சாமணங்களுமே இருக்கின்றன. ஸ்பிரிங் காணாமல் போகவில்லை, விலைமட்டும் இறங்கிவிட்டது. உதட்டு மேல் முடியை எடுக்க, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த வெறும் ஸ்பிரிங்கை ஆன்லைனில் விற்கிறார்கள். வளைத்துப் பிடித்து விரலால் உருட்டவேண்டும், மோட்டாரும் கிடையாது மின்சாரமும் கிடையாது.

ஹாஃப்மனின் மூன்று கேள்விகளோ கருவியைவிட நீண்ட காலம் ஓடின. இங்கிலாந்தில் காப்புரிமை மீறல் வழக்கு என்றால் எபிலேடி கேள்விகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது சடங்காயிற்று. 2002 மார்ச் 12 அன்று ஜெர்மன் உச்ச நீதிமன்றம் வெட்டுக்கத்தி வழக்குகள் என்று அறியப்படும் தீர்ப்புகளை வழங்கியது. ஒரே வேலையைச் செய்தால் மட்டும் போதாது, உரிமைக்கோரலின் சொல் சுட்டும் பொருளை ஒட்டியே வாசகருக்கு அது சமமாகத் தோன்றவேண்டும் என்றது, உரிமைக்கோரலில் குறித்த எண்ணளவுக்கும் எழுதியவர் கட்டுப்பட்டவர் என்றது. லண்டன் பக்கம் ஓர் அடி வந்தாயிற்று. 2004இல் கிரின் ஆம்ஜென் வழக்கில் ஹாஃப்மனே, இப்போது பிரபுவாக, தன் கேள்விகளை எல்லா வழக்கிலும் இயந்திரம்போல் போடத் தேவையில்லை, அவை வழிகாட்டிகளே என்றார். உடன்படிக்கையும் திருத்தப்பட்டு 2007 டிசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்தது. உரிமைக்கோரலில் சொன்னதற்குச் சமமான அம்சங்களையும் உரிய முறையில் கணக்கில் எடுக்கவேண்டும் என்று எழுத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

பிறகு 2017 ஜூலை 12. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம். இம்முறை பொருள் ஒரு புற்றுநோய் மருந்து. எலி லில்லி நிறுவனத்தின் உரிமைக்கோரல் பெமிட்ரெக்ஸட் டைசோடியம் என்ற உப்பைப் பெயர் சொல்லிக் குறித்திருந்தது. ஆக்டாவிஸ் அதே மூலக்கூறைப் பொட்டாசிய உப்பாகவும் வேறு வடிவங்களிலும் விற்க நினைத்தது. சோடியம் சோடியம்தானே, பொட்டாசியம் இல்லையே? ஸ்பிரிங் ஸ்பிரிங்தானே என்ற பழைய வாதம்தான் இது. கீழ் நீதிமன்றங்கள் நேரடி மீறல் இல்லை என்றன. நியூபெர்கர் பிரபு மீறலே என்றார், எபிலேடி கேள்விகளையும் மாற்றி எழுதினார். சொல்லின் பொருள் ஒரு கேள்வி, சமமான மாற்றுப்பொருளுக்கு உரிமை நீளுமா என்பது வேறு கேள்வி, இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதே தவறு என்றார். இரண்டாவது கேள்வியில் துறை அறிந்தவரிடம், இந்த மாற்று வேலை செய்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடவேண்டும், அதன் பிறகு அது அதே வழியில் வேலை செய்வது அவருக்கு விளங்குமா என்று கேட்கவேண்டும் என்றார். மூன்றாவதும் இளகியது. பத்திரத்தில் அந்தச் சொல் இருக்கிறது என்பது மட்டுமே அதோடு நிற்க எழுதியவர் விரும்பினார் என்பதற்குச் சான்றாகாது.

இந்த அளவுகோலை 1989க்குக் கொண்டுபோய் வைத்துப் பார்க்கலாம். முதல் இரண்டு கேள்விகளில் அன்றைக்கே எபிலேடி ஜெயித்துவிட்டது. மூன்றாவதில் ரப்பரை வேண்டுமென்றே விலக்கியதற்குச் சான்றாக, வளைய அமைப்பில் அது உதவாது என்பதைத் தவிர, பத்திரத்தில் பெரிதாக எதுவும் இல்லை. அதே வழக்கு இன்று லண்டனில் வந்தால் ரெமிங்டன் தோற்கும் என்பது என் கணிப்பு. ஆனால் அந்தக் காப்புரிமை காலாவதியாகி நெடுங்காலம் ஆகிவிட்டது, ஸ்பிரிங்காலும் ரப்பராலும் யார் வேண்டுமானாலும் இப்போது முடி பிடுங்கும் கருவி செய்துகொள்ளலாம்.